கணுக்காலில் ஆறாத புண்

காலில் புண் ஆறவில்லை என்றால் நம் வீடுகளில் உடனே சொல்வது, “இனிப்பு நீராக இருக்கும்.” பல சமயம் அது சரிதான். ஆனால் கணுக்காலின் உட்புறத்தில் புண் வந்து, சுற்றிலும் தோல் கறுத்து, மாலையானால் காலும் வீங்கினால், சந்தேகப்பட வேண்டியது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் சிரை நாளங்களை.

நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளுகிறது. சிரைக்குள் இருக்கும் சின்னச் சின்ன வால்வுகள் அது கீழே இறங்காமல் தடுக்கின்றன. வால்வு பழுதானால் இரத்தம் தேங்கும், அழுத்தம் கூடும், தோல் நலிந்துபோகும். அப்புறம் கொசுக்கடியைச் சொறிந்தாலே போதும்.

என் பெரியம்மா பள்ளிக் கேன்டீனில் பல ஆண்டுகள் நின்றபடியே வேலை செய்தவர். புண்ணில் நீர் வடிந்து வாடை வரத் தொடங்கியதும் கல்யாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். வலியைவிட வெட்கம்தான் அவரை அதிகம் முடக்கியது. மஞ்சள், பவுடர், களிம்பு எதுவும் உதவவில்லை.

கைகொடுத்தது கட்டுதான். பாதம் முதல் முழங்காலுக்குக் கீழ்வரை சுற்றும் அழுத்தக் கட்டே இதற்கு முதன்மைச் சிகிச்சை. அதற்கு முன் கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தத்தை அளந்து, தமனியில் அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அடைப்புள்ள காலை இறுக்கினால் ஆபத்து. இனிப்பு நீர் உள்ளவர்களும் புகைப்பவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஆகவே மருந்துக்கடையில் பேண்டேஜ் வாங்கி நீங்களே கட்டிவிடாதீர்கள்.

பழுதான சிரையையே மூடும் சிகிச்சையும் உண்டு. 2018இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வில், கட்டோடு சேர்த்து அதையும் சீக்கிரம் செய்துகொண்டவர்களில் பாதிப் பேருக்கு 56 நாளில் புண் ஆறியது. தள்ளிப்போட்டவர்களுக்கு அதே நிலையை எட்ட 82 நாள் ஆனது. உங்களுக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஆறிய புண் திரும்பவும் வரலாம். அதனால் டாக்டர் சொல்லும் அழுத்தக் காலுறையைப் புண் ஆறிய பிறகும் விடாமல் போட வேண்டும். உட்காரும்போது காலை உயர்த்தி வையுங்கள், தினமும் நடங்கள். நான் ஒலிபரப்பு அறையில் பாட்டு ஓடும் நேரத்தில் எழுந்து குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவேன். நேயர்களுக்குத் தெரியவா போகிறது?

வீட்டுப் பெரியவர்கள் நீளக் கைலிக்குள் காலை மறைக்கிறார்களா? மெல்லக் கேட்டுப் பாருங்கள். இரண்டு வாரமாகியும் ஆறாத புண் என்றால், அரசாங்கக் கிளினிக்குக்கு நீங்களே அழைத்துப் போங்கள்.