சொல்லை ஒதுக்கும் நாடக விழா

நடிப்பவனும் காண்பவனும் ஒரே கூரையின்கீழ் ஒரே பொழுதில் கூடினாலன்றி நாடகம் என்பதொன்று இல்லை. எழுதிய நூலைப் பூட்டிவைத்து நூறாண்டு கழித்தும் படிக்கலாம். நேற்று மாலை ஆடி முடித்த நாடகத்தை இன்று காலை எவராலும் காணவியலாது. ஆகவே, அரங்கிற்குச் செல்லும் வாய்ப்பற்றவனுக்கு அக்கலையின் ஒரு கீற்றையேனும் காட்டும் எந்த ஏற்பாடும் போற்றத்தக்கதே. அமெரிக்காவின் தோனி விருது விழா அத்தகையதோர் ஏற்பாடாகும்.

நடிகையாகவும் இயக்குநராகவும் திகழ்ந்து 1946-இல் மறைந்த அந்துவானெத்து பெரி என்னும் அம்மையாரின் செல்லப்பெயரே தோனி என்பது. அவர் நினைவாக 1947-இல் நியூயார்க்கு நகரில் முதல் விழா நிகழ்ந்தது. அவ்விழாவிலேயே ஆர்தர் மில்லர் என்னும் நாடகாசிரியர் சிறப்பிக்கப்பெற்றார். 1967 முதல் விழா நாடு முழுமைக்கும் தொலைக்காட்சி வழியே காட்டப்பெற்று வருகின்றது.

நியூயார்க்கிற்கு நெடுந்தொலைவில், சிற்றூர் ஒன்றில் வாழும் நாடகச் சுவைஞன் ஒருவனை எண்ணிப் பார்க்க. பிராடுவே அரங்கில் அமர்ந்து காணும் பொருள்வளம் அவனுக்கு இல்லை. ஆண்டு முழுதும் நாடக நூல்களைப் படித்தவாறே அவன் அந்த ஓரிரவுக்காகக் காத்திருக்கின்றான். பெட்டியின்முன் அமர்ந்ததும் அவன் உள்ளம் துள்ளுகின்றது. ஆட்டமும் பாட்டும் அவனை அள்ளிக்கொண்டு போகின்றன. ஆனால், பொழுது செல்லச்செல்ல அவன் முகம் வாடுகின்றது. இறுதியில் சினமே எஞ்சுகின்றது. ஏன்?

இசைநாடகங்கள் தத்தம் பாடலை ஆடிக்காட்ட விழாவில் இடமுண்டு. பாட்டின் துணையின்றிச் சொல்லாலேயே நிற்கும் உரைநாடகங்களுக்கோ பெரும்பாலும் சில நொடிக் காட்சித் துணுக்கும் சிறு அறிமுகமுமே கிடைக்கின்றன. அரங்கமைப்பு, ஆடை, ஒளி முதலிய துறைகளின் விருதுகள் பல அண்மை ஆண்டுகளில் முதன்மை ஒளிபரப்புக்கு முன்னரே தனியாக வழங்கப்படுகின்றன. மகுடை நோயால் தள்ளிப்போய் 2021 செப்டம்பரில் நடந்த விழாவில், தொலைக்காட்சியில் நேரடியாக வழங்கப்பட்ட விருதுகள் மூன்றே. எஞ்சியவை கட்டணம் செலுத்துவோர் காணும் இணையத்தளத்திற்கு அனுப்பப்பட்டன. ஏழைச் சுவைஞனுக்குத் திறந்த ஒரே பலகணியும் பாதி சாத்தப்பட்டது!

தொலைக்காட்சியார் இதற்கு விடையொன்று வைத்துள்ளனர். காண்போர் தொகை குறைவு. விளம்பரம் தருவோர் பாட்டையே விரும்புவர். பாட்டைக் கண்டவர்களே பின்னர் நுழைவுச்சீட்டு வாங்குவர் என்பர். இது முற்றிலும் பொய்யன்று. பாட்டு ஆளை ஈர்க்கும். அரங்கம் நிறைந்தால்தான் நடிகனின் அடுப்பெரியும். ஆயினும் நல்லுரையாடல் ஆளை ஈர்க்காதெனத் தீர்ப்பளித்தவர் யார்? முற்காலத்து விழாக்களில் உரைநாடகக் காட்சிகள் நடித்துக் காட்டப்பட்டதும் உண்டே! தேர்ந்த நடிகர் ஒருவர் இரண்டு மணித்துளி பேசினால் நாடே செவிசாய்த்துக் கேளாதா? கேட்க வாய்ப்பே தராதுவிட்டு, கேட்பாரில்லை என்று கைவிரிப்பது முறையன்று.

சொல்லின்றி நாடகம் இல்லை என்பதை அவ்விழாவே ஒருமுறை மெய்ப்பித்தது. 2023 மே மாதம் அந்நாட்டு எழுத்தாளர் கழகம் வேலைநிறுத்தத்தில் இறங்கிற்று. சூன் 11-இல் விழா. எழுதித் தருவார் எவருமிலர். தொகுத்து வழங்கிய நடிகை எழுத்தற்ற வெற்றுத்தாள்களைப் புரட்டிக் காட்டிச் சொல்லில்லா ஆடலொன்றால் விழாவைத் தொடங்கினார். விழா நடந்தேறியது உண்மையே. ஆனால், எழுதுவோன் விலகி நின்றபின்னரே எழுத்தின் அருமை எல்லார் கண்ணுக்கும் பட்டது. அந்த வெற்றுத்தாள் ஆயிரம் சொற்பொழிவுக்கு நிகர்.

சுவைஞனின் சினத்தால் ஆவதென்ன என்று நகைப்பாரும் உளர். 2008-இல் ஒலியமைப்புக்கென விருதுகள் தோன்றின. 2014-இல் அவற்றை நீக்குவதாக அறிவித்தனர். ஒலிக்கலைஞர் எதிர்த்தெழுந்தனர், நாடகத்தை நேசித்தோர் துணைநின்றனர். 2018-இல் அவ்விருதுகள் மீண்டன. கேட்பார் இருந்தால் கிடைக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆடலையும் பாடலையும் குறைக்கச் சொல்லவில்லை அச்சுவைஞன். எழுதியவனையும் விளக்கேற்றியவனையும் அவையின் நடுவே நிறுத்துக, நாடகத்தின் சொல்லை நாங்களும் கேட்கவிடுக என்றே வேண்டுகின்றான். கைதட்டுவோன் கலைக்கு விருந்தினன். குறைகண்டு சினப்பவனே அதற்கு உறவினன். அவன் குரலைப் புறந்தள்ளும் விழா, தான் போற்ற வந்த கலையையே புறந்தள்ளுகின்றது.