பள்ளத்தில் வளையும் சக்கரங்கள்

வேகக் கார் வாங்குவோரை மயக்குவது பெரிய சக்கரம். சாலைப் பள்ளத்தில் முதலில் பலியாவதும் அதுதான்!

2017-ல் வெளிவந்த ஹோண்டா ஸிவிக் டைப் ஆர் காரையே எடுத்துக்கொள்வோம். அதன் சக்கரம் 20 அங்குலம், டயர் 245/30. அதாவது, டயரின் பக்கச் சுவர் 73.5 மில்லிமீட்டர்தான். பள்ளத்தின் கூரிய ஓரம் ரப்பரை நசுக்கி, நேரே உலோகத்தைத் தாக்குகிறது. விளிம்பு வளைகிறது, காற்று கசிகிறது. கீறல் கண்டுவிட்டாலோ, உயிருக்கே ஆபத்து.

பரிகாரம் என்ன? பலர் 18 அங்குலச் சக்கரத்துக்கு மாறுகிறார்கள். 245/40 டயர் பூட்டினால் பக்கச் சுவர் 98 மில்லிமீட்டராக உயர்கிறது. மொத்த விட்டம் ஏறக்குறைய மாறாததால், வேகமானியும் பொய் சொல்லாது. ஆனால், பிரேக்கில் இடிக்காத சக்கரமாகப் பார்த்து எடுக்கவேண்டும். காரின் பாரத்தைத் தாங்குவதாகவும் இருக்கவேண்டும்.

அடுத்தது, செய்முறை. உருக்கி அச்சில் வார்த்த சக்கரத்தைவிட, பேரழுத்தத்தில் அடித்து உருவாக்கிய சக்கரம் உறுதியானது. 2021-ல் இதே காரின் விசேஷப் பதிப்புக்கு ஹோண்டாவே அத்தகைய சக்கரத்தைப் பொருத்தியது. ஆனால் விட்டம் குறையவில்லை, ரப்பரும் உயரவில்லை. விலையோ அதிகம்.

ஆகவே, செலவுக்கு அஞ்சுவோர் முதலில் ரப்பரை உயர்த்துவதே விவேகம். சக்கரம் சற்றுச் சிறுத்தால் மிடுக்குத்தான் குறையும். நடுவழியில் நிற்கும் அவதி குறைவது லாபமல்லவா?