ஒரே ஒரு சீட்டு வித்தைக்கு 1,800 ரூபாயா?

கொஞ்சம் நீளமான பதிவு. படிக்காமலே லைக் போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் தம்பி பேரன், சேர்த்து வைத்த பொங்கல் காசில் 1,800 ரூபாய் கொடுத்து இணையத்தில் ஒரு சீட்டு வித்தை வாங்கினான். வந்தது இரண்டு விசேஷச் சீட்டும் ஒரு வீடியோவும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாளாக அவனை வறுத்தெடுக்கிறீர்கள். "ரகசியம் இவ்வளவுதானா? இதுக்கா 1,800?" என்று ஒரே சிரிப்பு. பையன் இப்போது சீட்டுக்கட்டைத் தொடுவதே இல்லையாம்.

அந்த வித்தை அந்த விலை பெறாது என்பதுதான் என் தீர்ப்பும். ஆனால் நீங்கள் சொல்லும் காரணம் தப்பு. விடை சரியாக இருந்து வழி தப்பாக இருந்தால் நான் முழு மதிப்பெண் போட்டதில்லை, உங்களில் பலருக்கு அது நினைவிருக்கும்.

ரகசியம் எளிமையாக இருப்பது குறையே அல்ல. எந்த வித்தையையும் மூன்று தடவை பார்த்தால் கண்டுபிடித்துவிடுவேன் என்று சவால் விட்டவர் ஹாரி ஹூடினி. டாய் வெர்னான் என்ற இளைஞர், ஹூடினி எழுத்துப் போட்டுக் கொடுத்த சீட்டைக் கட்டின் மேலிருந்து இரண்டாவதாகச் செருகினார். அது மேலே வந்தது. திரும்பத் திரும்பச் செய்தும் ஹூடினியால் பிடிக்க முடியவில்லை. அந்த ரகசியத்தைச் சொன்னால் அதற்கும் நீங்கள் "இவ்வளவுதானா" என்றுதான் சொல்வீர்கள். 21 சீட்டை மூன்று வரிசையாகப் போட்டு, காட்டிய வரிசையை நடுவில் வைத்து, மூன்று முறை இப்படியே செய்தால் நினைத்த சீட்டு 11ஆவதாக வரும். மழை நாட்களில் வகுப்பில் நான் செய்து காட்டியதுதான். வாய் பிளந்து பார்த்தவர்கள்தானே நீங்கள்? அதற்கு விலை ஒன்றுமில்லை.

அப்படியானால் காசு எதற்குக் கொடுப்பது? ஒன்று, நாம் செய்துகொள்ள முடியாத பொருளுக்கு. 'இன்விசிபிள் டெக்' என்று ஒரு கட்டு உண்டு. எதிரே இருப்பவர் எந்தச் சீட்டைச் சொன்னாலும் அது மட்டும் கட்டுக்குள் திரும்பியிருக்கும். 1936இல் ஜோ பெர்க் கொண்டுவந்த கட்டு அதற்கு மூலம். அதை வைத்துச் செய்வதும் ஒரே வித்தைதான். ஆனால் பதமாகத் தயாரித்துக் கொடுக்கிறார்கள், வருஷக்கணக்கில் உழைக்கும். கொடுத்த காசு வீணில்லை.

இல்லையென்றால் கற்பித்தலுக்குக் கொடுக்கலாம். நம் பையன் ஏமாந்தது இங்கேதான். அந்த வீடியோவை நான் இரண்டு தடவை முழுதாகப் பார்த்தேன். பதினொரு நிமிஷம். அதில் மூன்று நிமிஷம் சுயபுராணம், ரகசியம் ஒரு நிமிஷம், மீதியெல்லாம் அவர் வேகவேகமாகச் செய்து காட்டுவது. இடது பக்கம் ஒருவர் உட்கார்ந்திருந்தால் தெரிந்துவிடுமா? "அந்தச் சீட்டைக் கொடு பார்ப்போம்" என்று மாமா கை நீட்டினால் என்ன செய்வது? விரல் பிசகினால் எப்படிச் சமாளிப்பது? மூச்சில்லை. ஆசிரியர் பயிற்சியில் நான் இப்படி ஒரு பாடம் எடுத்திருந்தால் மறுநாள் திரும்ப எடுக்கச் சொல்லியிருப்பார்கள். விளம்பரத்திலோ "பயிற்சியே தேவையில்லை" என்று கொட்டை எழுத்து! கோபப்பட வேண்டியது அந்த வரியைப் பார்த்து. பயிற்சி வேண்டாம் என்று சொல்லி எதை விற்றாலும், பிள்ளைகளிடம் விற்கிறவனை நான் மன்னிக்க மாட்டேன். சரியாக வராதபோது தனக்குத்தான் கை வரவில்லை என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது.

ஹ்யூகார்டும் பிரவ்வேயும் சேர்ந்து எழுதிய 'ராயல் ரோட் டு கார்டு மேஜிக்' என்ற பழைய புத்தகம் ஒன்று இருக்கிறது. ஓர் அத்தியாயத்தில் ஒரு கைவேலை, அடுத்து அதை வைத்துச் செய்யும் வித்தைகள். நல்ல பாடத்திட்டம் மாதிரியே இருக்கும். 1,800க்கும் குறைவாகத்தான் ஆனது, அவனுக்கு அனுப்பிவிட்டேன். ஆங்கிலம் கொஞ்சம் பழசு. சென்னையில் இருக்கும் அவன் அத்தை உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கட்டும், சீரியல் எங்கேயும் ஓடிவிடாது.

மாற்றுக் கருத்து இருந்தால் கமெண்டில் எழுதுங்கள், பதில் சொல்கிறேன். அந்த இரண்டு சீட்டில் என்ன ரகசியம் என்று மட்டும் யாரும் இன்பாக்ஸில் கேட்காதீர்கள். அது அவன் காசு கொடுத்து வாங்கியது.