சான்றில்லாக் கட்டுரை

தலவாக்கலையில் யான் கற்பிக்கும் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், சென்ற தவணையில் ‘மலையகத் தமிழர்’ என்னும் பொருள் பற்றிக் கட்டுரை எழுதித் தந்தான். கையெழுத்து முத்துக் கோத்தாற்போல இருந்தது. ‘இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் எம் முன்னோர் தேயிலை கொய்ய இந்நாட்டிற்கு வந்தனர்’ என்பது அதன் முதல் வாக்கியம். ‘தம்பி, இதை எங்கே கண்டாய்?’ என்று வினவினேன். ‘எல்லாரும் அப்படித்தானே சேர் சொல்றாங்க’ என்றான்.

எல்லாரும் சொல்வதனாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. மலையக மக்கள் வருகையின் 200ஆம் ஆண்டை நாம் 2023இல் நினைவுகூர்ந்தோம். அதற்குத் தொடக்கமாகக் கொள்ளப்பட்ட 1823, கோப்பிப் பயிர்ச்செய்கையைச் சார்ந்த ஆண்டு. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலையை வணிகப் பயிராக நட்டது 1867இல். 1869 முதல் பரவிய இலைத்துரு நோய் கோப்பியை மாய்த்த பின்னரே இம்மலைகளைத் தேயிலை மூடிற்று. ஆதலின், முதலில் வந்தவர் கைகள் பறித்தவை கோப்பிப் பழங்களே. ஒரு வாக்கியத்திற் சான்று தேடாமையால், அரை நூற்றாண்டுக் கோப்பி வாழ்வு அம்மாணவன் ஏட்டிலிருந்து மறைந்தது.

கற்றோர் அவையில் வைக்கத்தகும் கட்டுரைக்கு இலக்கணம் யாது? தான் கண்டது, பிறர் கூறியது, தான் துணிந்தது என்னும் மூன்றும் தம்முள் மயங்காமல் எழுதுதலே அதன் உயிர். இஃது மேனாட்டார் தந்த புதுச்சரக்கு என எண்ணுவார் பலர். தொல்காப்பியர் முன்னோர் கருத்தை உரைக்கையில் ‘என்ப’ எனச் சொல்லி, அஃது அவர்களுடையது என்று புலப்படுத்தினார். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், நூலுக்குரிய மதங்கள் ஏழு என வகுத்தார். பிறர் கொள்கையை உடன்படுதல், மறுத்தல், ஏற்றுப் பின்னர்க் களைதல், தான் ஒன்றை நாட்டி நிறுவுதல், இருவர் மாறுபட்டவிடத்து ஒன்றைத் துணிதல், பிறர் நூற் குற்றங் காட்டல், பிறரோடு சாராது தன் கொள்கையே கொள்ளல் என்பன அவை. பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆய்வு மாணவனிடம் இன்று கேட்பது இதனின் வேறன்று. கூறியது கூறலும் மற்றொன்று விரித்தலும் முனிவர் விலக்கிய பத்துக் குற்றங்களுட் சேர்ந்தவை. பக்கம் நிரப்புதற்கு நம் மாணவர் பெரிதும் நம்பியிருப்பன அவ்விரண்டையுமே!

பழி மாணவர்மேல் மட்டும் அன்று. மாதிரிக் கட்டுரைகளைக் கரும்பலகையில் எழுதி, மனனம் செய்வித்தவர் ஆசிரியராகிய யாமே. அன்று எம் குறிப்பைப் பார்த்தெழுதியவன் இன்று கைப்பேசியைப் பார்த்தெழுதுகிறான். ‘பரீட்சைக்கு இது போதுமே’ என்பார் உளர். பரீட்சை மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும்; பிறர் சொல்லைத் தன் சொல்லாகக் காட்டும் பழக்கம் ஆயுள் முழுதும் உடன்வரும்.

சான்றின் அருமையை மலையகத்தார்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எம்மவரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர், இந்நாட்டில் வாழ்ந்ததை ஆண்டுக் கணக்கோடு மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இங்கேயே உழைத்து முதிர்ந்தவர் சொல்லும் பத்திரம் இன்றேல் ஏறவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தம் வரலாற்றைச் சான்றின்றி எழுதுவரேல், அதனையும் உலகம் எளிதில் தள்ளிவிடும்.

ஏடுகள் மட்டுமே சான்று என்று யான் கூறேன். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றஞ் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். முதியோர் சொல்லும் சான்றாகும். யார், எங்கே, எப்போது சொன்னார் என்பதையும் உடன் குறித்துவைத்தல் வேண்டும். பிழைபடச் சொல்லியிருப்பின், பின்வருவோர் ஒப்பிட்டுத் திருத்த அக்குறிப்பு உதவும்.

அம்மாணவனிடம் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தேன். இரு வாரங்கழித்து மீண்டும் கொணர்ந்தான். எழுத்தில் முன்னைய அழகில்லை. அடித்தல் திருத்தல் மிகுதி. ‘என் அம்மாயி எங்கள் லயத்தில் என்னிடம் கூறியது’ எனத் தொடங்கி, நாளையும் குறித்திருந்தான். முன்னையதினும் கூடுதலான புள்ளியை மகிழ்ச்சியோடு வழங்கினேன்.