ஆல்மா தாமஸ் 68 வயதில் தொடங்கியவர் அல்ல

ஓய்வு பெற்றவர்களை உற்சாகப்படுத்துவதற்கென்றே சில கதைகள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. "வயது ஒரு தடையே அல்ல" என்று தொடங்கும். எழுபதில் ஒருவர் இதைச் சாதித்தார், எண்பதில் இன்னொருவர் அதைச் சாதித்தார் என்று பட்டியல் நீளும். கடைசியில் இரண்டு கும்பிடும் ஒரு பூங்கொத்தும் இருக்கும்.

அந்தப் பட்டியலில் சேர்க்க மிகவும் வசதியான ஒருவர் அமெரிக்க நவீன ஓவியர் ஆல்மா தாமஸ். 1960இல், 68 வயதில், பள்ளி ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். 1972இல், 80 வயதில், நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி. அங்கே அந்த வாய்ப்பைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண்மணி அவர்தான். இதைவிட என்ன வேண்டும்?

வருடா வருடம் உயிரோடு இருப்பதாகச் சான்றிதழ் கொடுத்து ஓய்வூதியம் வாங்குகிறவன் நானும். இந்தக் கதை எனக்குத் தெம்பு தரவேண்டும். ஆனால் இதை இப்படிச் சுருக்கிச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. தகவலில் பிழையில்லை. அதிலிருந்து எடுக்கிற பாடம்தான் பிழை.

அவர் 1891இல் ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் பிறந்தார். அந்த ஊர் நூலகத்துக்குள் கறுப்பினத்தவர் வாசகராக நுழைய முடியாது. 1907இல் குடும்பம் வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்தது. முந்தைய ஆண்டு அட்லாண்டாவில் கறுப்பினத்தவர்மீது நடந்த வெறியாட்டமும், பெண்களின் படிப்பைப் பற்றிய கவலையும் அதற்குக் காரணங்கள். சிறுமியாக இருந்தபோது அவர் ஆசைப்பட்டது கட்டடக் கலைஞர் ஆக. அந்தக் காலத்தில், அந்த நிறத்தில், ஒரு பெண்ணுக்கு அது எட்டாத கனவு.

ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் முதலில் மனையியல் படிக்கச் சேர்ந்தார். ஓவியத் துறையைத் தொடங்கிய பேராசிரியர் ஜேம்ஸ் ஹெரிங் அவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். 1924இல் அந்தத் துறையின் முதல் பட்டதாரி ஆல்மா தாமஸ். அதே ஆண்டு ஷா ஜூனியர் உயர்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியை ஆனார். முப்பத்தைந்து வருடம் அதே பள்ளி. வாஷிங்டன் பள்ளிகளில் நிறப் பிரிவினை 1954 வரை சட்டப்படியே இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த முப்பத்தைந்து வருடமும் அவர் சும்மா இருக்கவில்லை. கோடை விடுமுறைகளில் நியூயார்க்குக்குப் போய்ப் படித்து, 1934இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் வாங்கினார். 1943இல் ஹெரிங்கும் அலோன்சோ ஏடனும் தொடங்கிய பார்னெட்-ஏடன் ஓவியக்கூடத்துக்குத் துணைத்தலைவராக இருந்தார். 1950களில், ஐம்பது வயதைத் தாண்டியபின், பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் மாணவியாகவும் உட்கார்ந்தார். இடைவிடாமல் வரைந்துகொண்டும் இருந்தார்.

இப்படிப்பட்டவரை "68 வயதில் தொடங்கினார்" என்றால் எப்படி? அவர் தொடங்கி அப்போது நாற்பது வருடம் ஆகியிருந்தது. ஓய்வு அவருக்குத் திறமையைக் கொடுக்கவில்லை. காலை எட்டு மணியிலிருந்து மாலை வரையிலான நேரத்தைத் திருப்பிக் கொடுத்தது, அவ்வளவுதான்.

நேரம் கிடைத்ததும் உடம்பு மறுத்தது. 1964இல் மூட்டுவாதம் கடுமையாகத் தாக்கி, வரைவதையே விட்டுவிடலாமா என்ற நிலை. அப்போது ஹோவர்டு பல்கலைக்கழகம் அவருடைய ஓவியங்களைக் காட்சிக்கு வைக்க முன்வந்தது. அதற்குப் புதிதாக ஏதாவது செய்யவேண்டும் என்று நினைத்தார். 1907இல் குடிவந்த அதே வீட்டின் ஜன்னல் வழியே ஒரு ஹாலி மரம் தெரியும். இலைகளுக்கு நடுவே வெளிச்சம் விழுந்து நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, தன் பாணி அங்கே கிடைத்தது.

சின்னச் சின்ன வண்ணத் துண்டுகள். செங்கல் அடுக்கினதுபோல் வரிசையாக, சில படங்களில் வட்டத்துக்குள் வட்டமாக. துண்டுகளுக்கு நடுவே இடைவெளி. அந்த இடைவெளியில்தான் வெளிச்சம் வருகிறது. தோட்டத்துப் பூக்களை அப்படி வரைந்தார். சந்திரனுக்கு மனிதன் போனதைத் தொலைக்காட்சியில் பார்த்து அதையும் அப்படி வரைந்தார். 1966இல் வரைந்த 'ரெசரக்‌ஷன்' என்ற வட்ட ஓவியம் 2015 முதல் வெள்ளை மாளிகையில் இருக்கிறது. அந்தச் சேகரிப்பில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணின் ஓவியம் அது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். "வயது தடையல்ல" என்று சொல்லும்போது, எது தடையாக இருந்தது என்று கேட்காமல் விட்டுவிடுகிறோம். நூலகக் கதவைச் சாத்தியது வயது அல்ல. பெரிய அருங்காட்சியகங்களில் கறுப்பினக் கலைஞர்களுக்கு 1960களின் இறுதிவரை பெரும்பாலும் இடமில்லாமல் போனதற்கும் அவர்கள் வயது காரணமல்ல. கதவு தாமதமாகத் திறந்ததை, அவர் தாமதமாக மலர்ந்தார் என்று மாற்றிச் சொல்கிறோம். சாத்தியவர்களுக்கு எவ்வளவு சௌகரியம்!

இன்னொன்றும் உண்டு. அவர் 86 வயது வரை, 1978 வரை, இருந்தார். சொந்த வீடு இருந்தது. ஓய்வூதியம் வந்தது. திருமணம் செய்துகொள்ளவில்லை, நாளின் நேரம் முழுவதும் அவருடையது. இதில் ஏதாவது ஒன்று குறைந்திருந்தால்? எழுபதில் காலமாகியிருந்தால் நமக்கு அந்த வட்டங்களும் இல்லை, வரிசைகளும் இல்லை. அவரைப்போலவே வரையத் தெரிந்து, அறுபதில் போய்விட்டவர்களின் கதையை யாரும் நமக்கு அனுப்பிவைப்பதில்லை.

ஆகவே, என் வயதுக்காரர்களுக்கு இவரை உதாரணமாகக் காட்டுவதைவிட, வேலையில் இருப்பவர்களுக்குக் காட்டுவதுதான் சரி என்று நினைக்கிறேன். "ரிட்டயர் ஆனபிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று வீணையையோ தூரிகையையோ பரண்மேல் போடுகிறவர்களே, ஆல்மா தாமஸ் அப்படிப் போடவில்லை. வாரத்தில் இரண்டு மணி நேரமாவது அதைக் கையில் எடுங்கள். உங்கள் வீட்டில் யாராவது அப்படி எடுத்தால், "இந்த வேலை எதுக்கு, இதனால் என்ன வரப்போகிறது?" என்று கேட்காதீர்கள்.

கொலம்பஸ் நகர அருங்காட்சியகத்தில் இன்று அவருடைய ஓவியங்கள் நிறையவே இருக்கின்றன. நல்லதுதான். ஆனால் நூலகத்துக்கு வெளியே நின்ற அந்தச் சிறுமிக்கு இதனால் பயன் ஒன்றுமில்லை.