புற்றுக்குள் ஒரு வைத்தியசாலை

மழைக்காலத்தில் புற்றின்மீது வெண்குடை விரித்தாற்போல் காளான் பூத்து நிற்பதை நேயர்கள் பார்த்திருக்கலாம். கறி சமைத்து உண்டுமிருக்கலாம். அது கறையான் செய்யும் விவசாயத்தின் விளைவு. லின்னேயஸின் மாணாக்கரான கோனிக் என்னும் வைத்தியர், தஞ்சைச் சீமைக் கறையான்களைப் பற்றி 1779-இலேயே எழுதியபோது, புற்றினுள் காளான் வளர்வதையும் குறித்து வைத்தார்.

கறையான்கள் மரத்தையும் சருகையும் தின்று, தங்கள் எச்சத்தால் தேனடைபோல் ஓர் அடை அமைக்கின்றன. அதில் காளான் இழையோடி வளர்ந்து, எளிதில் ஜீரணமாகாத மரச்சத்தைப் பக்குவப்படுத்துகிறது. பழுத்த அடையும், அதன்மேல் அரும்பும் வெண்மணிகளுமே கறையானுக்கு ஆகாரம்.

இருட்டு, வெதுவெதுப்பு, ஈரம், ஓயாத ஜன நெருக்கம்! நோய் குடியேற இதைவிட வசதியான இடம் ஏது? அடையிலேயே சூடோசைலேரியா என்னும் களைப் பூஞ்சணம் பதுங்கியிருக்கிறது. கறையான்களை விலக்கி அடையைத் தனியே வைத்தால், சில தினங்களில் களை அதை மூடிவிடும். அவை உள்ளவரையில் அது தலையெடுப்பதில்லை.

இதன் இரகசியம் என்ன? கறையானின் தேகத்திலும் கிருமியைச் சூழ்ந்து மடக்கும் அணுக்கள் உண்டு. ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்யும் வழக்கமும் உண்டு. ஆனால் பயிருக்கு நோய் வந்தால்? மொஹாலியிலுள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகத்தார், நம் நாட்டு ஓடண்டோடெர்மஸ் ஒபீசஸ் என்னும் கறையானை ஆராய்ந்து, 2025-இல் இதற்கு விடை கூறினர். களை சிறிதாயின், கறையான்கள் அப்பகுதியைக் கடித்தெடுத்துப் புதைத்துவிடுகின்றன. மிஞ்சிவிட்டால், சிறு மண்ணுருண்டைகளைக் கொணர்ந்து அப்பி மூடுகின்றன. அவ்வுருண்டைகளிலுள்ள நுண்ணுயிர்கள் களையை ஒடுக்குகின்றன, பயிரையோ வாட்டுவதில்லை. மருந்துக்காகக் கறையான் தூரதேசம் போகவில்லை. காலடியிலேயே அது கிடைக்கிறது.

ஆகவே, கறையானின் நோயெதிர்ப்புச் சக்தி முழுவதும் அதன் உடம்புக்குள் இல்லை. ஒரு பகுதி சகோதரக் கறையான்களிடமும், ஒரு பகுதி அவை அப்பும் மண்ணுருண்டைகளிலும் இருக்கிறது. அந்நுண்ணுயிர்களை அழித்தால் அதன் வைத்தியசாலையையே இடித்தவர்களாவோம்.

மண்ணில் நஞ்சைக் கொட்டிவிட்டு, குப்பையைத் தெருவில் எறிந்துவிட்டு, கதவைத் தாழிட்டுத் தன் உடம்பை மட்டும் பேணலாமென்று எண்ணுகிறான் மனிதன். வீட்டு உத்தரத்தை அரிக்கும் இந்த அற்பப் பிராணிக்கு அந்தப் பிரமை இல்லை. அதனிடமிருந்து நாம் கற்றுக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.