சுரப்பியின் குறையும் ஈமானின் குறையும்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பெண்கள் மதரஸாவின் ஹிஃப்ழு வகுப்பில் பதினாறு வயது மாணவி ஒருத்தி இருந்தாள். நாளொன்றுக்கு ஒரு பக்கம் பிசகாமல் ஒப்புவிப்பவள். மெல்ல மெல்ல அது அரைப் பக்கமாயிற்று. பின்னர் முந்திய பாடமும் மறக்கலாயிற்று. சுப்ஹுக்குப் பின் நடக்கும் வகுப்பில் அமர்ந்தபடியே உறங்கிவிடுவாள். மற்ற பிள்ளைகள் மின்விசிறியைக் கூட்டச் சொல்லும் பங்குனி வெயிலில் இவள் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு மூலையில் ஒடுங்குவாள். குரல் கரகரத்தது, முகம் ஊதினாற்போல் ஆயிற்று. இவை அனைத்தையும் நான் கண்டேன். ஆனால் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவில்லை. உறங்குபவரின் பிடரியில் ஷைத்தான் மூன்று முடிச்சுகள் இடுவதைப் பற்றிய நபிமொழியை, அவளைப் பார்த்துக்கொண்டே வகுப்பில் விளக்கினேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"எவ்வளவு சொன்னாலும் கேட்கமாட்டேங்கிறா உஸ்தாதா, நீங்கதான் துஆ செய்யணும்" என்று அவளுடைய உம்மா அழுதார். ஓதி ஊதிய தண்ணீரும் கொடுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ ஓராண்டு கழித்து, மாதவிடாய்க் கோளாறுக்காகக் காட்டச் சென்ற இடத்தில் மருத்துவர் தைராய்டு பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். சுரப்பு மிகக் குறைந்திருந்தது.

தைராய்டு என்பது கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குக் கீழே பட்டாம்பூச்சி வடிவில் அமைந்துள்ள சிறு சுரப்பி. உடலின் அணுக்கள் எவ்வளவு விரைவாக ஆற்றலைச் செலவிட வேண்டும் என்பதை அதன் ஹார்மோன் நிர்ணயிக்கிறது. அது குறைந்தால் உறக்கம், மறதி, குளிர் தாங்காமை, மனச்சோர்வு ஆகியவை வரும். மிகுந்தால் படபடப்பும் எரிச்சலும் தூக்கமின்மையும் வரும். பார்ப்பவர்களோ முதலாமவரைச் சோம்பேறி என்பார்கள், இரண்டாமவரைச் சிடுமூஞ்சி என்பார்கள். இந்தக் குறைபாடு ஆண்களைவிடப் பெண்களிடமே அதிகம் என்பதால், இப்பெயர்களையும் அவர்களே அதிகம் சுமக்கிறார்கள்.

1949இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கிலேய மருத்துவர், மனநோயாளிகளாகக் கருதப்பட்ட பதினான்கு பேரைப் பற்றி எழுதினார். அவர்களுக்கு இருந்தது கடுமையான தைராய்டு குறைபாடு. உரிய மருந்து கொடுத்ததும் பெரும்பாலோர் தேறினர். சித்தம் கலங்கியவர் என்று ஊரார் முடிவுகட்டிய மனிதரைச் சுரப்பி மருந்து மீட்டெடுத்தது என்றால், "இவளுக்கு மார்க்கப் பற்றில்லை" என்று நாம் எத்தனை பேரை முடிவுகட்டியிருப்போம்?

குணத்தில் ஒரு பகுதி படைப்பிலேயே வருகிறது என்பது நம் மார்க்கத்துக்குப் புதிய செய்தி அன்று. அப்துல் கைஸ் கூட்டத்தாரோடு வந்த அஷஜ்ஜு (ரலி) அவர்களிடம், அல்லாஹ் விரும்பும் இரு குணங்கள் உம்மிடம் உள்ளன, பொறுமையும் நிதானமும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அவை நானாகப் பழகிக்கொண்டவையா, அல்லாஹ் என்னை அவ்வாறே படைத்தானா என்று அவர் வினவினார். அல்லாஹ்வே அவ்வாறு படைத்தான் என்பது விடை. அபூதாவூதில் இச்செய்தி உள்ளது. அவரும் தம்மைப் புகழ்ந்துகொள்ளாமல், அவ்வாறு படைத்த இறைவனையே புகழ்ந்தார்.

இதைப் பேசினால் உடனே ஒரு கேள்வி வரும். பெரும்பாலும் ஆண்களிடமிருந்து வரும். "அப்படியானால் என் கோபத்துக்கும் ஹார்மோன்தானே காரணம்? ஆணின் இயல்பே அதுதானே?" இந்த வாதத்தை நான் ஏற்பதில்லை. கோபப்படாதீர் என்ற ஒரே அறிவுரையை நபி (ஸல்) அவர்கள் ஒரு மனிதருக்குத் திரும்பத் திரும்பக் கூறினார்கள். அடக்க இயலாத ஒன்றை அடக்கும்படி ஏவியிருப்பார்களா? குணம் மாறவே மாறாது என்றால் அறிவுரையும் ஒழுக்கப் பயிற்சியும் பயனற்றுப்போகும் என்று இமாம் கஸ்ஸாலியும் இஹ்யாவில் வாதிடுகிறார்.

அறிவியலும் அவர்களுக்குக் கைகொடுப்பதில்லை. பிலிப்பைன்ஸின் செபூ பகுதியில் 624 இளைஞர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2011இல் வெளியானது. மணமுடித்துத் தந்தையானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் அளவு வெகுவாகக் குறைந்தது. நாள்தோறும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ பிள்ளையைக் கவனித்தவர்களுக்கு, அவ்வாறு கவனிக்காத தந்தையரைவிட அது இன்னும் குறைவாக இருந்தது. ஹார்மோன் ஆட்டிவைக்கும் பொம்மைகளல்ல நாம். வாழும் முறையும் அதன் அளவோடு பின்னியிருக்கிறது. கோபக்காரச் சகோதரர் பிள்ளையைக் குளிப்பாட்டத் தொடங்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் குணம் சில மாதங்களில் மாறினால், அதனோடு உடலிலும் மாற்றம் தெரிந்தால், கண்டிக்கும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள். ஓதிப் பார்ப்பதை நான் தடுக்கவில்லை. நோயை இறக்கிய இறைவன் அதற்கு மருந்தையும் இறக்கியிருக்கிறான் என்று சொல்லித் தந்ததும் அதே நபிதான். நிகாஹ் பேச்சு தடைப்படும் என்று அஞ்சி மாத்திரையை ஒளித்து வைக்கும் வீடுகள் உண்டு. சம்பந்தி வீட்டில் அதை விழுங்க வழியின்றிப் பாதியில் நிறுத்திய பெண்களும் உண்டு. வெறும் வயிற்றில் விழுங்க வேண்டிய மாத்திரை என்பதால், ரமளானில் எந்த நேரத்தில் எடுப்பது என்பதை நோன்பு வருவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

அந்த மாணவி மாத்திரை தொடங்கிச் சில மாதங்களில் மீண்டும் ஒரு பக்கம் கொடுக்கலானாள். ஒருநாள் வகுப்பு முடிந்தபின் அவளை நிறுத்தி, அன்று நான் பேசியதற்கு மாப்பு கேட்டேன். தலைகுனிந்து நின்றாள்.

"பரவாயில்லை உஸ்தாதா. என் ஈமான்தான் போயிருச்சுன்னு நானும் நினைச்சிட்டிருந்தேன்" என்றாள்.